வலது பக்கப் பாக்கெட்

அத்தியாயம் 17

கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்துவிடுகிறேன். வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "அந்தக் கரடிக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தொடரைப் படிக்கிறதை அன்னைக்கே நிறுத்திடுவேன்." அம்மா தாயே, என்னை ஏன் மிரட்டுகிறீர்கள்? என் கையில் இருந்தால் அதை எப்போதோ காட்டில் கொண்டுபோய் விட்டிருப்பேன். நானும் இந்த நாலு மாதமாக நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெருவே 'கரடிக்காரர்' என்று கூப்பிடுகிற மனிதர் மிருகக்காட்சி சாலையில் காப்பாளர். ஒன்பது வருஷமாக ஒரே ஒரு பெண் கரடியைப் பார்த்துக்கொள்கிறார். அதற்குச் சீமாட்டி என்று பெயர். வயது இருபத்தாறு. கரடிக் கணக்கில் அது தள்ளாத வயசு.

அவருடைய ஒரே மகள் பாப்பா. இருபத்தொரு வயசாகியும் வீட்டில் அவளுக்கு அதே பெயர்தான். விலங்குகளின் நடத்தை, நலம், பாதுகாப்பு பற்றிக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். பட்டத்துக்கான ஆய்வை அப்பாவின் கரடியை வைத்தே செய்தாள். ஆறு வாரம், தினம் நாலு மணி நேரம், கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை கரடி என்ன செய்கிறது என்று கட்டம் போட்ட தாளில் எழுதினாள்.

சீமாட்டி பெரிதாக ஒன்றும் செய்யாது. நடக்கும். சுவரோரமாகப் பதினோரு அடி, தலையை ஒரு ஆட்டு, திரும்பி மறுபடி பதினோரு அடி. நடந்து நடந்து பின்னங்கால் இரண்டிலும் புண். நடை நின்றால்தானே புண் ஆறும்? நிற்கவில்லை. புண்ணில் சீழ் வைத்துவிட்டது. "மூளை குழம்பிடுச்சு, இனி இது நிக்காது. வலியில்லாம ஊசி போட்டு அனுப்பிடலாம்" என்று டாக்டர் எழுதிவிட்டார். அதை முடிவு செய்யத்தான் இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம்.

போன வாரம் நாம் விட்ட இடத்தில், பாப்பாவின் பேராசிரியை போன் செய்திருந்தார். "நாளைக்கு வரும்போது அந்த அழுக்கு நோட்டையும் எடுத்துட்டு வா. நீ அங்கே உட்கார்ந்து கிறுக்கினது."

காலை ஏழு மணி. அடுப்படியில் கரடிக்காரர் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கட்டைவிரல் அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கட்டின பொண்டாட்டிக்கு ஒரு துண்டு வைக்கணும்னு தோணுதா உங்களுக்கு?" என்றாள் அம்மா. அவள் சீருடைகள் தைக்கும் தையல் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வாயும் அந்த மெஷின் மாதிரிதான், மிதிக்க ஆரம்பித்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

"உனக்குச் சர்க்கரை ஏறிடும்."

"கரடிக்கு ஏறாதா?"

"அதுக்கு மாசாமாசம் ரத்தப் பரிசோதனை நடக்குது. உன்னைக் கூப்பிட்டா நீ வர மாட்டேங்கிறே."

அவர் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பேன்ட்டின் வலது பக்கப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அந்தப் பாக்கெட்டை அம்மாதான் தைத்துக் கொடுத்திருந்தாள். கிழங்கு ஒட்டிக் கறை பிடிக்கிறதே என்று, உள்ளே மழைக்கோட்டுத் துணி வைத்து, வாயை அகலமாக வெட்டி. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு பேன்ட்டிலும் அப்படி ஒன்று.

"பாப்பா, இன்னைக்கு நீ பேசணும். எனக்குப் பெரிய ஆளுங்க முன்னாடி நாக்கு ஒட்டிக்கும்" என்றார். "அதுக்கு மூளையெல்லாம் ஒழுங்காத்தான் இருக்குன்னு சொல்லு. என்னைப் பார்த்தா நிக்குதே! மூளை குழம்பினதுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?"

"சொல்றேம்பா."

"அது சும்மா நடக்கலை. என்னைக் கூப்பிடுது. நான் போய் ஒரு துண்டு கொடுத்தா, அப்படியே நின்னுடும். குழந்தை மாதிரி. அதை உன் தாள்ல எழுதியிருக்கே இல்ல?"

பாப்பா டீயைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியிருக்கிறாள். எழுதி, அப்புறம் எடுத்துவிட்டாள். அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"என்னடி முகமே சரியில்லை?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லைம்மா, தலைவலி."

"உனக்குத் தலைவலின்னா பொய் சொல்றேன்னு அர்த்தம். போ, போ. சாயங்காலம் வந்து சொல்லு."

பேராசிரியையின் அறையில் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான். அதன்மேலும் காகிதக் கட்டு. பாப்பா நின்றாள். பேராசிரியை நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி என்று இரண்டு மாட்டியிருந்தார். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'நாலு கண்ணு' என்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

"நான் கொடுத்த தாள்ல ஏழு கட்டம் இருந்துச்சு. நீ ஒப்படைச்சதுல ஆறுதான் இருக்கு" என்றார். "நேரம் இருக்கு, இடம் இருக்கு, கரடி செய்தது இருக்கு, வெயில் மழை கூட இருக்கு. ஏழாவது எங்கே?"

ஏழாவது கட்டத்தின் தலைப்பு: காப்பாளர் என்ன செய்தார்.

"அதுல... எல்லாம் ஒரே மாதிரியே இருந்துச்சு மேடம். அதனால எடுத்துட்டேன்."

"ஒரே மாதிரி இருந்தா அதுதானேம்மா உன் முடிவு!"

பேராசிரியை அழுக்கு நோட்டுக்குக் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். டீக்கறை, மழைத்துளி, கரடி வீசியடித்த சேறு எல்லாம் இருந்த நோட்டு. அவர் ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்து வாசித்தார்.

"ஒன்பது பதினாலு, நடக்கிறது. ஒன்பது பதினைந்து, நடக்கிறது. பதினாறு, நடக்கிறது. பதினேழு, நின்று சாப்பிடுகிறது. ஏழாவது கட்டத்துல..." அவர் நிறுத்தினார். "'அப்பா கொடுத்தார்.' இது என்ன? காப்பாளர்னு எழுதணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பழக்கதோஷம் மேடம்."

அவர் பக்கங்களைத் திருப்பினார். அப்பா கொடுத்தார். அப்பா கொடுத்தார். அப்பா வந்தார், கொடுத்தார். அப்பா கூப்பிட்டுக் கொடுத்தார். பாப்பாவுக்குத் தன் கையெழுத்தையே பார்க்கச் சகிக்கவில்லை.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"மூணாவது வாரம்." அவள் நோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அது படுத்திருக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது அப்பா ஒரு நாள்கூட கொடுத்ததில்லை மேடம். நடக்கும்போது மட்டும்தான் கொடுக்கிறார். பாவமா இருக்குன்னு. அதுவும் ஒவ்வொரு தடவையும் இல்லை. சில நாள் உடனே, சில நாள் ஒரு மணி நேரம் கழிச்சு. நடந்துக்கிட்டே இருந்தா எப்பவாவது கிடைக்கும்னு அது கத்துக்கிச்சு. அப்பாதான்... தெரியாம அதுக்குச் சொல்லிக் கொடுத்துட்டார்."

சொல்லி முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். பேராசிரியை மேஜை மேலிருந்த துணியை நீட்டினார். கண்ணாடி துடைக்கிற துணி. பரவாயில்லை, அதிலேயே துடைத்துக்கொண்டாள்.

"இதை மறைச்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"மூளை குழம்பிடுச்சுன்னு டாக்டர் சொல்றது சரின்னு ஆயிடும். ஊசி போட்டுடுவாங்க."

"சொன்னா?"

"அப்பாவைக் கரடிகிட்டேருந்து எடுத்துடுவாங்க. அவருக்கு அது..." அவள் முடிக்கவில்லை. "அவருக்கு வேற எதுவும் தெரியாது மேடம்."

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "நான் கூட்டத்துக்கு வர்றேன். ஆனா வாயைத் திறக்க மாட்டேன். உன் ஆய்வு, நீதான் பேசணும். கட்டத்தை எடுத்ததுக்கு மார்க்கில கை வைப்பேன், அதுக்கு வேற ஒரு நாள் உன்கிட்ட கத்துறேன். இன்னைக்கு நேரமில்லை."

கூட்டம் நடந்தது மிருகக்காட்சி சாலையின் மருத்துவமனைக் கட்டிடத்தில். அறை முழுக்க மருந்து நெடி. நீள மேஜை, ஒரு பக்கம் இயக்குநர், இன்னொரு பக்கம் டாக்டர், அவர் முன்னால் படிவம். நடை, புண், பசி, வலி என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட்டிருந்தார். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

கரடிக்காரர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். வலது பக்கப் பாக்கெட் புடைத்துக்கொண்டிருந்தது. மகளைப் பார்த்துக் கண்ணாலேயே 'பேசு, பேசு' என்றார்.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றார் டாக்டர். கெட்ட மனிதர் இல்லை அவர். அந்தப் புண்ணுக்கு எட்டு மாதம் தன் கையால் கட்டுப் போட்டவர். "கட்டுப் போட்ட ஒரு மணி நேரத்துல நடந்தே பிச்சுடுது. எலும்பு வரைக்கும் போயிடும். அதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறது பாவம்."

இயக்குநர் பேனாவைத் திறந்தார். "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?"

பாப்பா எழுந்தாள்.

"சார், நான் ஆறு வாரம் பார்த்தேன். இருநூத்திப் பன்னிரண்டு தடவை அது நடக்க ஆரம்பிச்சுது. அதுல நூத்தி எழுபத்தொரு தடவை... காப்பாளர் வந்து கிழங்கு கொடுத்ததும் நின்னுது."

கதவோரத்தில் கரடிக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா சார்! இதைத்தான் நான் தலையால அடிச்சுக்கிட்டேன். நான் கொடுத்தா நிக்கும். மூளையில ஒண்ணும் இல்லை சார் அதுக்கு!"

ஐயோ, அந்தச் சிரிப்பு. மகள் தன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் பெருமையாகப் பேசுகிறாள் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். பாப்பாவுக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"அப்பா, இருங்க. இன்னும் முடிக்கலை." அவள் நோட்டைத் திறந்தாள். "உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. நடந்தா மட்டும்தான். அதனால அது... கிழங்குக்காக நடக்குது. காப்பாளர் விடுமுறையில இருந்த நாலு நாள்ல முதல் நாள் ரொம்ப நடந்துது. நாலாவது நாள் பாதியா குறைஞ்சுது. அவர் திரும்பி வந்த அன்னைக்கு மறுபடி பழைய மாதிரி."

இயக்குநருக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அப்போ இது குழப்பம் இல்லை. பழக்கம்" என்றார் மெதுவாக. "பழக்கின பழக்கம்."

"யார் பழக்கினது?" என்றார் இயக்குநர்.

கரடிக்காரர் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். மகளைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்போ... கால்ல புண்ணு?" என்றார். "அது என்னாலயா பாப்பா?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் கிடைத்தது அவளுக்கு. மனசு முழுக்க ஒரு பொய் தயாராக இருந்தது.

"ஆமாம்பா."

வாயே திறக்க மாட்டேன் என்று சொன்ன பேராசிரியை பொறுக்க மாட்டாமல் திறந்துவிட்டார். "முழுசும் உங்களால இல்லை. இங்கே வர்றதுக்கு முன்னாடி அதை ஒரு ஆள் சின்னக் கூண்டுல அடைச்சு வச்சிருந்தான். நடை அங்கேயே ஆரம்பிச்சுது."

"ஆரம்பிச்சது எவனோம்மா. ஒன்பது வருஷமா வளர்த்துவிட்டது நான்தானே" என்றார் கரடிக்காரர்.



முடிவு இப்படி ஆயிற்று. ஊசி ஆறு வாரம் தள்ளி வைக்கப்பட்டது. அதுவரை கரடிக்காரர் சீமாட்டியின் கண்ணில் படக்கூடாது. குரல் கேட்கக்கூடாது, அந்தப் பக்கமே போகக்கூடாது. சாப்பாடு இனி கையால் கிடையாது. மரக்கட்டை இடுக்கிலும் வைக்கோலுக்கடியிலும், அது நடக்காத நேரமாகப் பார்த்து ஒளித்து வைக்க வேண்டும், அதுவே தேடித் தின்னட்டும் என்று. அவர் மான்கள் பகுதிக்குப் போகிறார். அங்கிருக்கும் மான்காரர் கரடிக்கு வருகிறார். கட்டம் போட்ட தாளைப் பாப்பா தொடர்ந்து எழுத வேண்டும்.

"இன்னொண்ணு" என்றார் பேராசிரியை. "குறையறதுக்கு முன்னாடி கூடும். நேத்துவரைக்கும் கிடைச்சது இன்னைக்கு ஏன் கிடைக்கலைன்னு அது இன்னும் வேகமா நடக்கும். அப்போ யாராவது இரக்கப்பட்டு ஒரே ஒரு துண்டு கொடுத்தாலும் எல்லாம் போச்சு. வேகமா நடந்தா கிடைக்கும்னு புதுசா ஒரு பாடம் கத்துக்கும்."

"அந்தக் கால் தாங்குமான்னுதான் எனக்குப் பயம்" என்றார் டாக்டர்.

நாலு மணிக்குச் சாவி ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் கரடிக்காரரை விட்டார்கள்.

பாப்பா கூண்டுக்கு எதிரே தன் வழக்கமான முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மான்காரர் இரும்புக் கதவருகே காத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, எல்லாவற்றுக்கும் பயப்படுகிற மனுஷர். இருபது வருஷம் மானோடு இருந்தால் வேறு எப்படி இருப்பார்?

படுத்திருந்த சீமாட்டி கரடிக்காரரின் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கியது. எழுந்தது. நடக்க ஆரம்பித்தது.

பதினோரு அடி, தலை ஒரு ஆட்டு, பதினோரு அடி. பின்னங்காலைத் தரையில் முழுசாக வைக்காமல் நொண்டியது. நகம் சிமென்ட்டில் சரக், சரக் என்று உரசியது.

கரடிக்காரர் சாவியைக் கொடுத்தார். அவர் வலது கை பாக்கெட்டுக்குள் போனது. பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பாக்கெட்டுக்குள் விரல்கள் அசைவது அவளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிந்தது. ஒரு நிமிஷம். அவள் கைக்கடிகாரம் பீப் என்றது. இன்னொரு நிமிஷம். மறுபடி பீப்.

கை வெறுமையாக வெளியே வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் மான்கள் பகுதியைப் பார்த்து நடந்தார். சீமாட்டி சுவரோரம் இன்னும் வேகமாக நடந்தது. தொண்டையிலிருந்து அது ஒரு சத்தம் போட்டது. ஆய்வு செய்த ஆறு வாரத்திலும் பாப்பா கேட்டிராத சத்தம்.

ஏழாவது கட்டத்தில் அவள் 'அப்பா' என்று எழுதினாள். அடித்தாள். 'காப்பாளர் கொடுக்கவில்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு விசித்து விசித்து அழுதாள். அடுத்த நிமிஷத்துக்கான பீப் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் எழுதினாள்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தவள் கூடத்தில் அப்பாவைப் பார்த்தாள். லுங்கிக்கு மாறி, சீருடை பேன்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவள் அமைதியாக இருந்ததிலேயே தெரிந்தது. அந்த வீட்டில் அம்மா அமைதியாக இருப்பதைப் போன தடவை பார்த்தது எப்போது என்று எனக்கே ஞாபகம் இல்லை.

அப்பா பேன்ட்டை அம்மா பக்கம் நீட்டினார்.

"இந்தப் பாக்கெட்டைத் தைச்சு மூடிடு."

"எல்லாத்தையுமா?"

"எல்லா பேன்ட்லயும். கையை விட்டா உள்ளே போகக்கூடாது."

அம்மா பேன்ட்டை வாங்கினாள். பாக்கெட்டை வெளியே இழுத்துக் கவிழ்த்தாள். பத்துப் பதினைந்து கிழங்குத் துண்டுகள் தரையில் விழுந்தன. அதில் ஒன்று விரலில் நசுங்கி உருத்தெரியாமல் இருந்தது. பாப்பா குனிந்து பொறுக்கினாள். அவளுக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என் மேல கோபமாப்பா?"

"ஆமா." அவர் மறைக்கவில்லை. "மூணாவது வாரமே தெரிஞ்சிருக்கு உனக்கு, உன் மேடம் சொன்னாங்க. அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருந்தா அதுக்கப்புறம் கொடுத்திருப்பேனா? அந்த மூணு வாரம் அது நடந்தது உன் கணக்கு, பாப்பா. என் கணக்கு இல்லை."

அடி என்றால் அப்படி ஒரு அடி. உண்மைக்கு என்ன பதில் சொல்வது?

"விடுங்க, அவளை ஏன் சொல்றீங்க?" அம்மாவுக்கு ஒருவழியாக வாய் திரும்பிவிட்டது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஆரம்பித்தாள். "இவளுக்கு நாலு வயசுல நீங்க இதையேதான் பண்ணீங்க. பள்ளிக்கூட வாசல்ல அழுவா. நீங்க பிஸ்கட் கொடுப்பீங்க. அவ நிறுத்துவா. மறுநாள் இன்னும் சத்தமா அழுவா. நான்தான் ஒரு வாரம் நீங்க கூட வரவே கூடாதுன்னு சொல்லிட்டுத் தனியா கூட்டிட்டுப் போனேன். மூணு நாள் ஊரையே கூட்டினா. நாலாவது நாள் டாட்டா காட்டிட்டு உள்ளே போயிட்டா. எனக்கு எந்தக் காலேஜ்லயும் பட்டம் கொடுக்கலை."

பாப்பாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை.

"அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன்னு யாராவது எழுதி வச்சீங்களா?" என்றார்.

அம்மா முதல் தையலைப் போட்டாள்.

அப்போதுதான் பாப்பாவின் போன் அடித்தது. மான்காரர். அவருக்குப் போனைக் காதில் வைத்துப் பேசிப் பழக்கமில்லை, எட்ட வைத்துக் கத்துவார். அவர் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

"பாப்பா, சாப்பாட்டைத் தொடலைம்மா! கட்டை இடுக்குல வச்சது அப்படியே இருக்கு, வைக்கோலுக்கடியில வச்சதும் அப்படியே இருக்கு. நீ போனதுலேருந்து நடந்துக்கிட்டே இருக்கு. தரையெல்லாம் ரத்தம். டாக்டர் போனை எடுக்கலை. எனக்குப் பயமா இருக்கு. அண்ணனை ஒரே ஒரு தடவை அனுப்பி வைக்கிறியா? ஒரு துண்டு கொடுத்துட்டுப் போயிடட்டும், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அம்மாவின் கை நின்றது. பாதி தைத்த பாக்கெட்டில் ஊசி அப்படியே நின்றது.

அப்பா எழுந்துவிட்டார். வாசல் வரை போய், ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டார். பிறகு நின்றார். திரும்பி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் போயிருந்தது. அவர் பயந்துபோயிருந்தார்.

"நீ சொல்லு" என்றார். "பொண்ணுகிட்ட கேட்கலை. படிச்சவகிட்ட கேட்கிறேன். போகவா, வேண்டாமா?"

அவள் பிறந்ததிலிருந்து அவர் அவளிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. காலையில் மறைத்த மாதிரி இனி எதையும் மறைக்கக்கூடாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

"நான் படிச்சதுல எல்லாம் சின்ன வயசு மிருகங்கதாம்பா. இவ்வளவு வயசான கரடிக்கு யாரும் செஞ்சு பார்த்ததா நான் படிக்கலை. கால் தாங்குமா, எனக்குத் தெரியாது. சாப்பிடுமா, தெரியாது." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா இப்போ நீங்க போய்க் கொடுத்தீங்கன்னா, ரத்தம் வர்ற வரைக்கும் நடந்தாத்தான் அப்பா வருவார்னு அது கத்துக்கும். போகாதீங்கப்பா."

அப்பா செருப்பிலிருந்து காலை எடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"தை" என்றார் அம்மாவைப் பார்க்காமல்.

அம்மா ஊசியை இழுத்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

"போனை வைக்கச் சொல்லாதே பாப்பா" என்றார் அப்பா. "கூண்டுப் பக்கமா நீட்டிப் பிடிக்கச் சொல்லு. நான் பேசலை. கேட்கிறேன், அவ்வளவுதான்."

மான்காரர் நீட்டினார். போனிலிருந்து சத்தம் வந்தது. சரக், சரக், சரக். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் விரலால் எண்ணினார். பதினொன்று வந்ததும் ஒரு சின்ன இடைவெளி. தலையை ஆட்டித் திரும்புகிறது. மறுபடி பதினொன்று. மறுபடி இடைவெளி. மூன்று பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு" என்றார் அப்பா, போனுக்குக் கேட்காத குரலில். "ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு."

எட்டாவது அடி கேட்கவில்லை.

அவர் விரல் தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. போனில் காற்று மட்டும் இரைந்தது. பிறகு மான்காரரின் குரல், கத்தாமல், முதல் தடவையாக ரகசியம் பேசுகிற மாதிரி வந்தது.

"அண்ணே... இருங்க. அது கீழே உட்கார்ந்திருக்கா, விழுந்திருக்கான்னு எனக்குத் தெரியலை."